பச்சிளங் குழவியின் மஞ்சள் நிறம்

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் குழவியின் மூன்றாந் திங்களிற் காப்புப் பருவத்தைத் தொடங்குதல் மரபு. தாய்க்கோ காவற் கவலை மிகுவது, மருத்துவமனையினின்று வீடு திரும்பும் முதற் சில நாட்களிலேயாம். அந்நாட்களிற் பெற்றோரை மருட்டுவனவற்றுள் ஒன்று, குழவியின் கண்ணும் மேனியும் மஞ்சள் நிறமடைதல். இல்லறத்தாராகிய பழைய மாணவர்க்கும், தமக்கையார் பேற்றின்பொருட்டுப் பிறந்தகம் வந்திருக்கும் இளைய மாணவர்க்கும் பயன்படுமாறு, அதன் இயல்பினை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இந்நிறத்திற்குக் காரணம் யாது? பிறந்த குழவிக்குச் செங்குருதியணுக்கள் மிகுதி. அவற்றின் வாழ்நாளோ குறுகியது. அவை சிதையுங்கால் பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாகின்றது. அதனை மாற்றி மலத்தின் வழியே போக்குவது ஈரலின் தொழில். குழவியின் ஈரல் அத்தொழிலுக்கு இன்னும் முதிராமையின், அப்பொருள் உடலிலே தங்குகின்றது. பெரும்பாலும் 2 அல்லது 3 ஆம் நாளில் தோன்றி, சில நாட்கள் மிகுந்து, 2 வாரத்துள் இது தானே மறையும். பிறக்குங் குழவிகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றிற்கு இஃதுண்டு.

ஆயினும் அளவு கடந்த பிலிரூபின் மூளையிற் புகுமாயின், செவிட்டுத்தன்மையும் தீராத உறுப்புக் குறையும் விளையும். உயிர்க்கும் இறுதி நேரலாம்.

இதற்குரிய ஒளிமருத்துவம் தோன்றிய வரலாறு சுவையுடையது. 1956 இல் இங்கிலாந்து தேசத்து எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ரோச்போர்டு மருத்துவமனையில், ஜீன் வார்டு என்னுஞ் செவிலியர் குழவிகளை வெயில் படுமாறு தோட்டத்திற்குக் கொண்டு செல்வார். ஒரு குழவியின் மேனியில் துணி மறைத்த இடம் மட்டுமே மஞ்சளாய் எஞ்சியிருத்தலை அவர் மருத்துவர்க்குக் காட்டினார். அதன்வழி ஆராய்ந்த கிரீமர் முதலியோர், தம் முடிவுகளை 1958 இல் வெளியிட்டனர். நீலவொளி பிலிரூபினை, ஈரல் மாற்றாமலே வெளியேறத்தக்க வடிவிற்கு மாற்றுகின்றது. இதுகொண்டு வீட்டு முற்றத்து வெயிலே போதுமெனக் கருதற்க. அதன் அளவை நாம் அறியோம். கடுவெயில் மென்தோலைச் சுடும்.

வீட்டிற் செய்யத்தக்கது, நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பாலூட்டலே. நன்கு பாலுண்ட குழவி நன்கு மலங்கழிக்கும். மஞ்சளும் அதனோடு கழியும். சர்க்கரைத் தண்ணீர் புகட்டுதல் பாலுண்ணுதலைக் குறைத்துத் தீங்கே செய்யும். பாச்சை உருண்டையிட்டு வைத்த துணிகளைக் குழவிக்கு உடுத்தலும் ஆகாது. பிறவியிலேயே குருதியணுக் குறையுடைய சில குழவிகட்கு அதன் நெடி அணுக்களைச் சிதைத்து மஞ்சளை மிகுவிக்கும்.

மாநிறக் குழவியாயின் மேனியைக் காட்டிலும் கண்வெண்மையையும் ஈறுகளையும் பகலொளியில் நோக்குதல் நன்று. பிறந்த 24 மணி நேரத்துள் மஞ்சள் தோன்றல், உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவல், பாலுண்ண மறுத்தல், எழுப்பியும் விழியாமை, கீச்சென்று அழுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். மலம் வெளுத்தலும், 2 வாரங் கடந்தும் மஞ்சள் நீங்காமையும் ஈரல் நோயைக் குறித்தல் கூடுமாதலின், அவற்றையும் உடனே காட்டுக.

மஞ்சள் தானே போய்விடும் என்னும் பாட்டியர் கூற்றுப் பெரும்பாலும் மெய்யே. அங்ஙனம் போகாத சிலரை நாளுக்குள் அறிந்து காத்தற்கே இக்குறிகள் வேண்டப்படுகின்றன.