கருப்பு விட்டாலும் காதல் விடாது!

1997-ல் எனக்கு எட்டு வயசு. பொங்கலூரில் எங்கள் வீட்டில் டி.வி. உண்டு, கேபிள் கிடையாது. எதிர் வீட்டில் இரண்டும் உண்டு. வாரத்தில் ஒரு ராத்திரி அந்த வீட்டுக் கூடத்தில் இருபது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். சன் டி.வி.யில் 'விடாது கருப்பு' ஓடும். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் நான் அமுச்சியின் சேலைத் தலைப்புக்குள் போய்விடுவேன். தொடர் முடிந்து வீடு திரும்ப, நடுவில் இருப்பது பன்னிரண்டடி ரோடுதான். அதைத் தாண்ட எனக்கு ரெண்டு பேர் துணை வேணும்!

"டேய் கண்ணு, அது கருப்பராயனில்லடா. ஆரோ வேஷங்கட்டிட்டு வர்றாங்க" என்பார் அமுச்சி. சொல்லிவிட்டுத் தானும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

சாமியா, ஆசாமியா? இந்த ரெண்டுங்கெட்டான் நிலைதான் சார் அமானுஷ்யக் கதையின் மூலதனம் (பி.காம். படித்தவன் வேறு எப்படிச் சொல்வான்?). சுஜாதா 'கொலையுதிர் காலம்' எழுதியபோது இதே முதலைத்தான் போட்டார். ஒரு பக்கம் ஆவி, இன்னொரு பக்கம் விஞ்ஞானம். நடுவில் கணேஷும் வசந்தும். ஹோலோகிராம் என்கிற சமாசாரத்தைப் பேய்க் கதைக்குள் வைத்து நமக்குப் பாடம் நடத்தினார். நாமும் ஃபீஸ் கட்டாமல் படித்தோம்.

'விடாது கருப்பு'வின் கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. 'விட்டுவிடு கருப்பா' என்ற அவருடைய நாவலைத்தான் கே.பாலசந்தரின் 'மின்பிம்பங்கள்' தயாரிக்க, நாகா தொடராக எடுத்தார். தப்பு செய்கிறவனைக் காவல் தெய்வம் குதிரையில் வந்து தண்டிக்கிறது. ஊர் கைகூப்புகிறது. அங்கேதான் விஷயமே. 'கருப்பு தண்டிச்சிருச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் அது கொலை இல்லை, தீர்ப்பு! யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்கத் துணிகிறவர்கள் கையில்தான் கதை. முடிச்சு மனநல மருத்துவத்தில் போய் அவிழ்கிறது. அதற்குமேல் நான் சொல்வதாக இல்லை. யூட்யூபில் பார்த்து நீங்களே பயந்துகொள்ளுங்கள்.

சரி, இதில் காதல் எங்கே வந்தது?

இருட்டு மண்டபத்தில் ஒருத்தனும் ஒருத்தியும் நடக்கிறார்கள். திடீரென்று வௌவால். அவள் இவன் கையைப் பிடிக்கிறாள். பயத்தினாலா, ஆசையினாலா? ரெண்டு பேருக்குமே தெரியாது. அந்தச் சந்தேகத்தை வைத்தே எழுத்தாளர் இருபது வாரம் ஓட்டிவிடலாம். கல்லூரிக் காதல் கதையில் முதல் அத்தியாயத்திலேயே கடிதம் கொடுத்துவிடுவான். பேய்க் கதையில் அதற்கெல்லாம் நேரமேது? உயிர் பிழைக்கணுமே!

கேமராவுக்கு வெளியேயும் இது நடந்தது. 'விடாது கருப்பு'வில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிற்பாடு நிஜமாகவே தம்பதி ஆனார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கேஸ் உண்டு. பெரியம்மா மகள், எங்க அக்கா, அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். பல்லடம் வழியாக பஸ். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தால் கண் சொருகும். ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் வாடகை லைப்ரரிக்குப் போய்விடுவாள். ராஜேஷ்குமார், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன், பட்டுக்கோட்டை பிரபாகர் என்று நாலு நாவல். பிரபாகரின் சுசீலா வாசகம் போட்ட டி-ஷர்ட்டிலேயே வளைய வருவாளே... "அதையெல்லாம் நாங்கதான்டா செக் பண்ணி அனுப்பறோம்" என்று எனக்குக் கதை விடுவாள். நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

ஒரு தடவை அவள் எடுத்துவந்த ஆவி நாவலில் கடைசிப் பக்கத்தைக் காணோம். கொன்றது ஆவியா, அத்தை மகனா? கட்டிங் செக்ஷனில் ஒருத்தர் அதே நாவலை முழுசாகப் படித்திருந்தார். கேட்டாள். "நாளைக்குச் சொல்றனுங்க" என்றார். மறுநாளும் அதே பதில். அப்படியே ஒரு வாரம். பிறகு வேறு நாவல், வேறு நாளை. சாப்பாட்டு நேரத்தில் ரெண்டு வார்த்தை, டீ வரும்போது ஒரு வார்த்தை. மூணு வருஷம் இப்படியே போச்சு என்றால் நம்புவீர்களா? இத்தனைக்கும் அவர் கையைக்கூடப் பிடிக்கவில்லையாம். (அக்கா ஸ்டேட்மென்ட். குறுக்கு விசாரணை செய்யவில்லை.)

2000-ல் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. அவர் வேறு சாதி. பெரியப்பா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அக்காவை வேலைக்கு அனுப்பவில்லை. மூணாம் நாள் ராத்திரி பங்காளிகள் நாலு பேர் வந்து திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. ஆனால் குளம்புச் சத்தத்துக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

அமுச்சிதான் வாயைத் திறந்தார். "கருப்பராயங்கிட்டப் பூக் கேட்டுப் பாத்துப்போடலாம். வெள்ளை வந்தா பண்ணி வைங்க. செவப்பு வந்தா புள்ள மறந்துருவா."

சாமி பேச்சுக்கு யார் மறுப்புச் சொல்வது? வெள்ளிக்கிழமை கோயிலில் ரெண்டு பொட்டலம் வைத்தார்கள். மடித்தது அமுச்சி. எடுத்தது நான், சின்னப் பையன்தான் எடுக்கணுமாம். கை நடுங்க ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை அரளி!

பங்காளிகள் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போனார்கள். சாமி சொன்ன பிறகு சாதி பேச யாருக்குத் தைரியம்?

அந்தக் கட்டிங்காரர் எனக்கு மாமா ஆகி இருபத்தைந்து வருஷமாகிவிட்டது. 2024 நவம்பரில் மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமான செய்தியை அவர்தான் எனக்கு போன் போட்டுச் சொன்னார். "நம்ம கல்யாணத்துக்கு மொதல்ல நாள் குறிச்சவருங்க மாப்ள" என்றார்.

இன்னொரு பொட்டலத்தை அன்றைக்கு யாரும் பிரிக்கவில்லை. அமுச்சி அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். காலேஜ் படிக்கும்போது ஒருநாள் கேட்டே விட்டேன்: "அமுச்சி, அதுல என்ன பூ இருந்துச்சு?"

"கருப்பராயன் குடுத்ததுடா கண்ணு, நோண்டாத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.