யமுனைக்கு வரும் கடற்காக்கைகள்

தில்லியில் ரஜாய்களை வெயிலில் உலர்த்தும் காலம் வந்துவிட்டால், யமுனைக்கும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். நவம்பர் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை, காஷ்மீரி கேட்டை அடுத்த யமுனா பஜார் படித்துறையில் காலை ஏழு மணிக்கு நின்றால், மூடுபனிக்கு நடுவே வெள்ளைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வட்டமிடுவதைக் காணலாம். படகுக்காரர் "ஆவோ, ஆவோ" என்று குரல் கொடுத்து ஒரு கைப்பிடி சேவ் வீசுவார். அடுத்த நொடி கூட்டம் முழுவதும் படகின் மேல் கவிந்துவிடும். புகைப்படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களைச் செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் அழைத்துச் சென்று அலுத்துப்போன நம்மவர்கள் இப்போது இங்கும் அழைத்து வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால், "தாத்தா, இது என்ன பறவை?" என்று பேரனோ பேத்தியோ கேட்டால் பதில் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நாம் 'சீகல்' என்போம். படகுக்காரர் 'சைபீரியப் பறவை' என்பார். இரண்டும் பாதி உண்மை. கையில் சேவ் பொட்டலத்துடன் நிற்கும் நாம் மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வது அவசியம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

காக்கையா, புறாவா?

தமிழில் இதற்குக் கடற்காக்கை என்று பெயர். கடல் புறா என்றும் சிலர் சொல்வர். சாண்டில்யன் நாவலின் பெயராக அது நம் எல்லோருக்கும் பழக்கம். உயிரியல்படி பார்த்தால் காக்கைக்கும் இதற்கும் உறவில்லை, புறாவுக்கும் உறவில்லை. விரல்களுக்கிடையே தோல் படர்ந்த, நீந்துவதற்கான கால்கள் காக்கைக்கு ஏது? கடற்காக்கையின் நெருங்கிய சொந்தம் ஆலா. இரண்டும் 'லாரிடே' என்னும் ஒரே குடும்பம். கொஞ்சம் தூரத்து உறவினர் யாரென்றால், நம் ஊர் வயல்வெளியில் ஆள் நடமாட்டம் கண்டதும் கத்தும் ஆட்காட்டியும், ஏரிக்கரையில் ஓடித் திரியும் உள்ளானும்.

உலகில் ஏறத்தாழ 50 வகைக் கடற்காக்கைகள் உள்ளன. யமுனையில் நாம் காண்பவற்றுள் பெரும்பாலானவை கருந்தலைக் கடற்காக்கைகள். அவற்றோடு பழுப்புத் தலைக் கடற்காக்கைகளும் கலந்திருக்கும். அபூர்வமாக, சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலம் வரும் பெரிய கருந்தலைக் கடற்காக்கை ஒன்று கூட்டத்தின் நடுவே ஜமீன்தார் போல மிதந்து வருவதையும் பார்க்கலாம்.

இவற்றில் பழுப்புத் தலைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1840இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஜெர்டன் என்ற ஆங்கிலேயர். சென்னை மாகாணப் படையில் மருத்துவராக வேலை பார்த்தவர். தென்னாட்டுப் பறவைகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இதழில்தான் அவர் தொடர்ந்து எழுதினார்.

அந்நாளில் பெரும்பாலான கடற்காக்கைகளை 'லாரஸ்' என்ற பேரினத்தில் அடக்கியிருந்தனர். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. தலையில் கறுப்புத் தொப்பி போட்டவை எல்லாம் ஒரு குலம், போடாதவை வேறு குலம் என்று பிறகு வந்தவர்கள் உள்ளுக்குள் பிரித்தார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வு இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. தொப்பி போட்டவற்றிலேயே தனித்தனிக் கிளைகள் இருப்பது தெரிந்தது. ஆகவே இன்று நம் சிறிய கருந்தலையும் பழுப்புத் தலையும் 'குரோயிகோசெஃபாலஸ்' என்ற பேரினத்தில் இருக்கின்றன. பெரிய கருந்தலை 'இக்தியேட்டஸ்' என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. ஒரே நிறத்தில் சட்டை போட்டவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகள் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

தொப்பி எங்கே?

கருந்தலை என்கிறீர்களே, தலை வெள்ளையாக அல்லவா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கருமை இனப்பெருக்க காலத்தில் மட்டும் அணியும் அலங்காரம். குளிர்காலத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். இன்னொரு வேடிக்கை, கருந்தலையின் தொப்பி உண்மையில் கறுப்பே இல்லை, காப்பிக்கொட்டை நிறம். பழுப்புத் தலையின் தொப்பி அதைவிட வெளிர்ந்தது.

குளிர்காலத்தில் இரண்டையும் பிரித்தறியக் கண்ணையும் சிறகு நுனியையும் பாருங்கள். வளர்ந்த பழுப்புத் தலைக்கு விழி வெளிறியிருக்கும், கருந்தலைக்குக் கருவிழி. பழுப்புத் தலை பறக்கும்போது கறுத்த சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பு நெடுக வெள்ளைப் பட்டை ஓடும். சிறகில் பழுப்புத் திட்டுகளோடு, வால் நுனியில் கறுப்புக் கோடும் இருந்தால் அது முதல் குளிர்காலத்தைக் காணும் இளம் பறவை.

இந்தத் தொப்பி எதற்கு? நெதர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் ஆய்வு நடத்திய நிக்கோ டின்பெர்கன் இதற்கு விடை சொன்னார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் மேலும் இருவருடன் நோபல் பரிசு பெற்றவர் அவர். கருந்தலைக் கடற்காக்கை எதிரியை மிரட்டும்போது இருண்ட முகத்தை நேராகக் காட்டும். ஜோடி சேர வரும் ஆணும் பெண்ணும் பக்கத்தில் நின்று, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சண்டைக்கு வரவில்லை என்பது அதன் பொருள். நம் வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அர்த்தமே வேறு!

முட்டை ஓட்டைப் பற்றி அவர் செய்த சோதனையும் சுவையானது. குஞ்சு பொரிந்த சில மணி நேரத்துக்குள் தாயோ தந்தையோ உடைந்த ஓட்டை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிட்டு வரும். முட்டையின் வெளிப்புறம் மண் நிறம், ஓட்டின் உட்புறமோ பளிச்சென்று வெள்ளை. ஓடு பக்கத்தில் கிடந்த முட்டைகளைக் காக்கைகள் அதிகமாகத் திருடிச் சென்றதை டின்பெர்கன் கணக்கெடுத்துக் காட்டினார். அப்படியானால் ஓட்டை ஏன் உடனே அகற்றுவதில்லை? ஈரம் காயாத குஞ்சை அண்டை வீட்டுக் கடற்காக்கையே விழுங்கிவிடும். இறகு உலரும் வரை காவல் இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆபத்துகளுக்கு நடுவே கணக்காகக் காத்திருக்கும் பெற்றோர் இவை.

எங்கிருந்து வருகின்றன?

கருந்தலைக் கடற்காக்கை ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குக் கோடி வரை ஏரிகளிலும் சதுப்புநிலங்களிலும் கூடு கட்டும் பறவை. சைபீரியாவும் அந்தப் பரப்பில் அடக்கம் என்பதால் படகுக்காரர் சொல்வதில் தவறில்லை. ஆனால் பழுப்புத் தலையின் தாயகம் மத்திய ஆசியாவின் மேட்டு நிலம்: பாமீர், திபெத், நம் லடாக். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் த்ஸோ மோரிரி ஏரியிலும் அது குஞ்சு பொரிக்கிறது. அயல்நாட்டு விருந்தாளி என்று நாம் நினைப்பவற்றில் சில நம் நாட்டிலேயே பிறந்தவை.

இப்படி மலை ஏரியில் பிறந்து ஆற்றில் குளிர்காலம் கழிக்கும் பறவைக்குக் 'கடல்' என்ற அடைமொழி பொருந்துமா? தில்லியிலிருந்து எந்தக் கடலும் எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அதே இனங்கள் மும்பை கடற்கரையிலும் நம் கோடியக்கரையிலும் குளிர்காலம் கழிக்கின்றன. உப்பு நீர், நன்னீர் இரண்டிலும் வாழ அதன் உடலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கண்களுக்கு மேலே இரண்டு உப்புச் சுரப்பிகள். இரத்தத்தில் மிகுந்த உப்பைப் பிரித்து மூக்குத் துவாரம் வழியே சொட்டச் செய்கின்றன. கடல் நீரில் உப்பு 3.5 சதவீதம் என்றால், இந்தச் சொட்டில் ஏறக்குறைய 5 சதவீதம். நன்னீரில் தங்கும்போது வேலை குறைவதால் சுரப்பி சுருங்கிவிடும். கடலுக்குத் திரும்பினால் மீண்டும் பெருக்கும். தேவைக்கேற்ற திறன், வீண் செலவு இல்லை. எந்தப் பொறியாளரும் மெச்சும் அமைப்பு இது.

உணவிலும் இதே வளைந்து கொடுக்கும் குணம்தான். மீன், புழு, பூச்சி, நண்டு, தானியம், அடுத்த பறவை பிடித்த இரை, குப்பைமேடு எதுவும் தள்ளுபடி இல்லை. ஈரப் புல்தரையில் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தட்டி, அந்த அதிர்வில் மேலே வரும் மண்புழுவைக் கொத்தும் சாமர்த்தியமும் உண்டு. புதிய ஊரில் கிடைத்ததைக் கொண்டு குடித்தனம் நடத்துவது எப்படி என்று நம்மைப் போல் வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சேவ் போடலாமா?

இங்குதான் யோசிக்க வேண்டும். எதையும் தின்னும் என்பதற்காக எதையும் போடலாம் என்று ஆகிவிடாது.

டின்பெர்கனின் இன்னொரு சோதனையைப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரிய கடற்காக்கை ஒன்றுக்கு மஞ்சள் அலகின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. குஞ்சு அதைக் கொத்தினால் பெற்றோர் உணவைக் கக்கிக் கொடுக்கும். வெள்ளை வளையங்கள் தீட்டிய மெல்லிய சிவப்புக் குச்சியைக் காட்டியபோது, அசல் தலை போலச் செய்த பொம்மையைவிட அதையே குஞ்சுகள் ஆவலாகக் கொத்தின. குச்சியில் உணவு இல்லை. ஆனால் குறி இருந்தது. பறவை ஆவலோடு பாய்வதால் மட்டும் அது அதற்கு ஏற்ற உணவு என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

சேவ் என்பது நம் ஓமப்பொடியின் வடநாட்டுச் சொந்தம். கடலை மாவு, எண்ணெய், உப்பு, காரம். உப்பைச் சமாளிக்கச் சுரப்பி இருக்கிறது. ஆனால் மீனும் பூச்சியும் தேட வேண்டிய வயிற்றை எண்ணெய்ப் பலகாரம் நிரப்பிவிடுகிறது. முதல் குளிர்காலத்து இளம் பறவைகள் இரை தேடக் கற்க வேண்டிய நேரத்தில் படகைத் தேடக் கற்கின்றன. போதாக்குறைக்கு, வஜீராபாத் தடுப்பணைக்குக் கீழே நஜஃப்கர் வடிகால் கலந்தபின் இந்த நீரில் மீனுக்கு வழி குறைவு. பறவைகள் அங்கேயே மொய்ப்பதற்கு நாம் வீசும் பொட்டலமும் ஒரு காரணம். காலிப் பொட்டலங்கள் ஆற்றிலேயே மிதக்கின்றன.

இன்னொன்று நெரிசல். கடற்காக்கைகளிடையே பறவைக் காய்ச்சல் வேகமாகப் பரவும். 2023இல் பிரிட்டனில் இதே கருந்தலைக் கடற்காக்கைகள் அந்நோயால் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஒரு கைப்பிடி உணவுக்காக நூற்றுக்கணக்கில் முட்டி மோதச் செய்வது நோய்க்கு வழி திறந்துவிடுவது போலத்தான்.

படகுக்காரரின் பிழைப்பு என்னாவது என்று கேட்பீர்கள். படகு சவாரிக்குத் தாராளமாகக் கொடுங்கள். சேவ் பொட்டலத்துக்குக் கொடுக்க இருந்ததையும் சேர்த்தே கொடுங்கள். சத்தம் போடாமல் நடு ஆற்றில் நிறுத்தச் சொல்லுங்கள். அருகே 1866இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம், மேலே ரயிலுக்கும் கீழே வண்டிகளுக்குமாகக் கட்டியது. ரயில்வேயில் இருந்த நாட்களில் அதன் கர்டர்களைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதன் கீழே பறப்பவற்றையும் பார்க்கிறேன். தீனி போடாதபோதுதான் பறவை தன் சொந்த வேலையைச் செய்கிறது: ஒன்று பிடித்ததை மற்றொன்று துரத்திப் பறிப்பது, காற்றில் சிறகசைக்காமல் நிற்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அப்போது தெரியும்.

பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. டிசம்பரில் ஒரு முறை போங்கள். பிப்ரவரி கடைசியில் மறுமுறை போங்கள். ஒரு பைனாகுலரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். முதல் முறை மைப்பொட்டு மட்டும் இருந்த தலைகளில், இரண்டாம் முறை காப்பிக்கொட்டை நிறம் பாதி ஏறியிருக்கும். ஊருக்குப் புறப்பட உடை மாற்றுகின்றன என்று சொல்லிக் கொடுங்கள். எத்தனை தலைகளில் தொப்பி ஏறிவிட்டது என்று குழந்தைகளே எண்ணிப் பார்க்கட்டும்.