நிலத்தை வகுப்போரும் நிறுவனத்தை உடையோரும்

சாங்கி விமான நிலையத்தையொட்டி 2019ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஜுவல் மாளிகையுள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் காட்டினைக் காணாத சிங்கப்பூரர் சிலரே ஆவர். கூரையின் நடுவிலிருந்து நீர் கொட்ட, அதனைச் சூழ மரங்கள் நிற்கின்றன. மாளிகையை வரைந்தவர் மோஷே சப்டி என்பதைப் பலர் அறிவர். நிலத்தையும் மரங்களையும் வகுத்தது அமெரிக்கரான பீட்டர் வாக்கரின் அலுவலகம் என்பதை அறிந்தோர் மிகக் குறைவு. கட்டடம் எழுப்பியவனுக்குக் கல்வெட்டு, மரம் வைத்தவனுக்கு மறதி என்பது இத்தொழிலின் பழைய குறை போலும்.

இந்த வாக்கர் இளமையில் தோற்றுவித்துப் பின்னர் விட்டு நீங்கிய வேறொரு நிறுவனம் உண்டு. எஸ்.டபிள்யூ.ஏ. குழுமம் என வழங்கும் அந்நிறுவனத்தில், பணி செய்வோரே உடைமையாளராகவும் இருக்கின்றனர். வரைபலகை முன் அமர்ந்திருப்பவர் கூலிக்கு உழைப்பவர் மட்டுமல்லர். அலுவலகத்தில் ஒரு பங்கு அவருடையது.

இவர்களது தொழிலைத் தோட்டக்கலை என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. மழைநீர் எவ்வழி ஓடவேண்டும், மண்ணை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, நடப்பவனுக்கு நிழல் எங்கே, வண்டிக்கு இடம் எங்கே என்பனவெல்லாம் அதில் அடங்கும். நிலவெழிற்கலை என்று அதனைக் கூறலாம். செய்குன்று என்றும், நீர்ப்பொறி அமைந்த அரசர் சோலைக்கு இலவந்திகை என்றும் பெயர் வைத்த மொழிக்குச் சொற்பஞ்சம் இல்லை. தொழிலின் பெயரில்தான் இன்னும் ஒருமைப்பாடு காணோம்.

நிறுவனப் பெயரின் முதலெழுத்து ஹிடியோ சசாக்கி என்பவரைக் குறிப்பது. அவர் 1919இல் கலிபோர்னியாவின் ரீட்லி என்னும் ஊரில், ஜப்பானிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்திற் பிறந்தவர். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்தபோது போர் மூண்டது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதிபர் ரூசுவெல்ட் ஒப்பமிட்ட ஆணையின்படி, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 120,000 பேர் வீடும் நிலமும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள்! சசாக்கியும் அவருள் ஒருவர். அரிசோனாப் பாலையில் இருந்த போஸ்டன் முகாமில் அடைக்கப்பட்ட அவர், சர்க்கரைக் கிழங்கு வயல்களில் வேலை செய்ய முன்வந்ததன் வாயிலாகவே வெளியேற முடிந்தது. (இவ்வூர் பாலைநிலத்துப் போஸ்டன், பெருநகரமாகிய பாஸ்டன் அன்று.)

பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1946இலும், ஹார்வர்டில் 1948இலும் பட்டம் பெற்றார். 1953இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுனில் தம் அலுவலகத்தைத் தொடங்கினார். 1958 முதல் பத்தாண்டுகள் ஹார்வர்டில் நிலவெழிற்கலைத் துறைக்குத் தலைமை தாங்கினார். முகாமில் அடைத்தமைக்காக அரசு வருத்தம் தெரிவித்து, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 அமெரிக்க வெள்ளி இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது 1988இல்தான். சசாக்கிக்கு அப்போது வயது 68. சொந்த நாட்டிலேயே உடைமை என்பது ஓர் ஆணைத்தாளால் பறிபோகக்கூடும் என்று கண்டவர் அவர்.

வாக்கர் அவருடைய மாணவர். இருவர் கூட்டில் 1957இல் தொடங்கிய தொழில், இரண்டாண்டுகளில் சான்பிரான்சிஸ்கோவில் கிளையாக வேரூன்றியது. 1961இல் திறக்கப்பட்ட புட்ஹில் கல்லூரி அவர்களுடைய தொடக்க காலப் பணி. வகுப்பறைகளைக் குன்றின்மேல் வைத்து, வண்டிகளையெல்லாம் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, மாணவர் நடந்தே மேலேறும்படி செய்தனர். வண்டிக்காகவே ஊரை வகுத்த காலத்தில் இது துணிவான செயல்தான். மேற்குக் கரை அலுவலகம் 1973இல் எஸ்.டபிள்யூ.ஏ. குழுமம் எனப் பெயர் பூண்டது. ஆசான் பெயரும் மாணவர் பெயரும் எழுத்துக்களாகச் சுருங்கின.

ஊழியர் உடைமை என்பது எவ்வாறு இயலும்? அமெரிக்காவில் இதற்கென ஒரு முறை உண்டு. லூயி கெல்சோ என்னும் சான்பிரான்சிஸ்கோ வழக்கறிஞர், 1956இல் பாலோ ஆல்டோ நகரத்துச் செய்தித்தாள் நிறுவனம் ஒன்றில் அதனை முதன்முதல் நடத்திக் காட்டினார். முதுமையடைந்த உரிமையாளர் தம் பங்குகளை அயலாருக்கு விற்பதற்கு மாறாக, ஊழியர்க்கென அமைக்கப்பட்ட அறக்கட்டளைக்கு விற்கிறார். அறக்கட்டளை கடன் பெற்று அவற்றை வாங்குகிறது. நிறுவனத்தின் வருங்கால இலாபத்திலிருந்து கடன் தீர்கிறது. கடன் தீரத் தீரப் பங்குகள் ஊழியரின் தனித்தனிக் கணக்குகளிற் சேர்கின்றன. ஓய்வு பெறுபவரது பங்கை நிறுவனம் மதிப்பிட்டுத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கிறது. ஊழியர் தம் சம்பளப் பையைத் திறக்க வேண்டுவதில்லை. 1974இல் நாடாளுமன்றம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது.

இதனைக் கூட்டுறவோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நம் வாசகர் அறிவர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பாட்டாளிகள் தம் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கிய சங்கம் அது. கூட்டுறவில் ஆளுக்கொரு வாக்கு. அறக்கட்டளை முறையிலோ பங்கின் பயன் ஊழியருக்கு, ஆனால் ஆட்சி பெரும்பாலும் பொறுப்பாளர் கையிலும் இயக்குநர் கையிலும் இருக்கும். உடைமை இருந்தும் சொல் செல்லாத நிலை ஏற்படக்கூடும். மேலும் ஓர் இடர்: வேலையும் முதுமைக்குச் சேர்த்த பொருளும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன. வணிகம் தளரும்போது முதலில் நிற்பது கட்டுமானம். அப்போது இரண்டும் ஒருங்கே ஆட்டங்காணும்.

வாக்கர் 1983இல் விலகித் தம் பெயரால் தனித் தொழில் நடத்தலானார். நியூயார்க்கில் 2011இல் திறக்கப்பட்ட செப்டம்பர் 11 நினைவிடத்தில் மைக்கேல் அராடுடன் பணியாற்றியவரும் அவரே. கலைஞனுக்குத் தன் கைவண்ணம் தன் பெயரால் அறியப்பட வேண்டும் என்னும் ஆசை இயல்பு. பலர் கூடி ஒரு பெயரால் உழைக்கும் இடத்தில் அது நிறைவுறாது. அவர் சென்றதைக் குற்றமெனல் தகாது. ஆனால் தோற்றுவித்தவர் இன்றியும் அலுவலகம் தளரவில்லை. ஒருவர் பெயரில் நின்றிருந்தால் அவரோடு அதுவும் போயிருக்கக்கூடும்.

அவர் சென்றபின் அக்குழுமம் செய்த பணிகளுள் இரண்டு சிறப்பானவை. சான்பிரான்சிஸ்கோவில் 2008இல் திறக்கப்பட்ட கலிபோர்னிய அறிவியற் கழகத்தின் கூரை இரண்டரை ஏக்கர் பரப்புள்ளது. அந்நகரத்துக் குன்றுகளை நினைவூட்டும் ஏழு செய்குன்றுகள் அதன்மீது எழுகின்றன. மண் சரியாதிருக்கத் தென்னை நாரால் ஆன தட்டுகளில் ஏறத்தாழ 17 இலட்சம் செடிகளை வளர்த்துப் பதித்தனர். நாம் கயிறு திரிக்கும் நார் அங்கே கூரையைத் தாங்குகிறது.

மற்றொன்று ஹியூஸ்டன் நகரத்து பபலோ பாயூ என்னும் கால்வாய்க்கரைப் பூங்கா. 160 ஏக்கர் பரப்புடைய அது 2015இல் நிறைவெய்தியது. அந்நகரத்தில் வெள்ளம் வராத காலம் குறைவு. ஆகவே நீரைத் தடுக்க முயலாமல், நீர் வந்தால் மூழ்கட்டும், வடிந்தால் எழட்டும் என்றே அதனை அமைத்தனர். கரையில் ஆழ வேர்விடும் உள்நாட்டுச் செடிகளை நட்டு, கட்டடங்களை மேட்டில் வைத்தனர். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது பூங்காவின் பெரும்பகுதி நீரில் மறைந்தது. வடிந்தபின் நடைபாதைகளின்மீது கனத்த வண்டல் படிந்திருந்தது. மண்ணை வாரியெடுக்கப் பல திங்கள் ஆயிற்று. ஆயினும் பாலங்கள் நின்றன, மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. மக்கள் மீண்டும் அங்கே நடந்து வருகின்றனர்.