இசைபட வாழ்ந்த பட்டறை

ஐரோப்பியத் தேவாலயங்களில் முழங்கும் ஆர்கன், துருத்தி தரும் காற்றால் குழல்கள் ஒலிக்கும் பெருங்கருவியாகும். கருவி பெரிதாகுந்தோறும் காற்றழுத்தத்தை எதிர்த்துக் கட்டைகளை அழுத்துவது விரல்களுக்கு அரிதாயிற்று. இவ்விடர் நீக்க ஆங்கிலேயரான பார்க்கர் ஒரு நெம்புகோல் கண்டார். விரல் தொட்டதும் சிறு துருத்தியொன்று விரிந்து, எஞ்சிய பளுவைத் தானே ஏற்கும்.

அதனை 1841-இல் பாரிசை அடுத்த சான்-தெனி ஆலயத்தின் கருவியிற் பொருத்தியவர் அரிஸ்டீட் காவாயே-கோல். 1811-இல், வழிவழியாக ஆர்கன் அமைத்த குடும்பத்திற் பிறந்தவர் இவர். பாரிசில் இவரது பட்டறை 1862-இல் சான்-சுல்பீஸ் ஆலயத்திற்கு ஐந்து விசைப்பலகைகள் கொண்ட ஆர்கனை அமைத்தது. 1868-இல் நோத்ர தாம் பேராலயத்தின் கருவியைப் பழைய குழல்கள் சிலவற்றையும் சேர்த்துப் புதுக்கியது.

தொழிலில் உயர்ந்த அவர் பொருளில் நலிந்தார். 1898-இல் பட்டறை பிறர் கைக்கு மாறியது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

2019-இல் நோத்ர தாம் தீக்கிரையானபோது அக்கருவி தப்பியது. ஈயத்தூசு படிந்த ஏறத்தாழ 8,000 குழல்களைக் கழற்றித் துலக்கினர். 2024 டிசம்பரில் அது மீண்டும் முழங்கியது.

'இசை' என்பதற்குப் புகழ் என்றும் பொருளுண்டென நாம் பயின்றுள்ளோம். கணக்கேட்டில் தோற்ற அக்கைவினைஞருக்கு அவ்விரு பொருளும் வாய்த்தன என்றே கருதுகிறோம்.