இருநூற்றொரு இலக்கமும் இருபத்தாறு இலக்கமும்

சர்க்கஸ் கலைஞர் ஒருவரின் மகளாகப் பிறந்து, சீட்டு விளையாட்டில் ஞாபகசக்தியைக் காட்டித் தந்தையை அயரவைத்து, ஆறாவது வயதில் மைசூர் சர்வகலாசாலையில் பெரியவர்கள் முன்னிலையில் மனக்கணக்குப் போட்டுக் காண்பித்த சகுந்தலா தேவியின் சாதனைகளில், ஜனங்கள் பெரிதாகப் பேசுவது 1977-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நிகழ்ந்ததைத்தான். 201 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் இருபத்து மூன்றாம் மூலம் 546372891 என்று 50 விநாடிகளில் சொல்லிவிட்டார். பிரமிக்கவேண்டியதுதான்; ஆயினும் அந்த எண்ணின் சுபாவத்தைச் சற்றே ஆராய்ந்தால், அதன் பிரமாண்டத்தில் பெரும்பகுதி வெறும் வேஷம் என்பது புலப்படும்.

எந்த முழு எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதன் இருபத்து மூன்றாம் படியின் கடைசி இரண்டு இலக்கங்களும் மூன்றாம் படியின் கடைசி இரண்டு இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கும். 91-இன் மூன்றாம் படி 753571. டல்லாஸ் எண்ணும் 71 என்றே முடிகிறது. இன்னும் ஒரு விசேஷம்: மூலம் ஒற்றைப்படையாகவும் 5-இல் முடியாததாகவும் இருந்தால், இருபத்து மூன்றாம் படியின் கடைசி ஒன்பது இலக்கங்களே மூலத்தின் கடைசி ஒன்பது இலக்கங்களை ஐயத்துக்கிடமின்றி நிர்ணயித்துவிடுகின்றன. இங்கே மூலத்துக்கு இருப்பதோ ஒன்பதே இலக்கங்கள்! ஆகவே பின்னம் வராத மூலம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டபின், முன்னால் நிற்கும் 192 இலக்கங்களும் தசரா ஊர்வலத்தில் அம்பாரி யானைக்கு முன்னே நடந்துபோகும் பரிவாரந்தான். அந்த மூலத்தில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே தடவை வருகிறது என்பதும் ரசிக்கத்தக்கது.

என்னைக் கேட்டால், 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்ததையே மேலானதென்பேன். கம்ப்யூட்டர் துறையினர் மனம்போனபடி பொறுக்கிக் கொடுத்த 7686369774870, 2465099745779 என்னும் இரு எண்களைப் பெருக்கி, 28 விநாடிகளில் 18947668177995426462773730 என்று விடை கூறினார். இங்கே பரிவாரம் என்று ஒதுக்கத்தக்க இலக்கம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூட முறைப்படி போட்டால் 169 சிறு பெருக்கல்களையும் அவற்றின் கூட்டல்களையும் தாண்டித்தான் இருபத்தாறு இலக்கங்களையும் அடையவேண்டும்.

விடையைச் சோதிப்பது மட்டும் சுலபம். இரண்டாவது எண்ணில் ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் இருபுறமும் 37 வருவதால், அது 11-ஆல் மீதியின்றி வகுபடும். அப்படியானால் பெருக்குத்தொகையும் வகுபட்டாகவேண்டும். அதிலும் அவ்வாறே கூட்டிப் பாருங்கள்: இருபுறமும் 69. ஒன்பதால் வகுத்தால் முதல் எண்ணின் மீதி 6, அடுத்ததன் மீதி 2. இவற்றின் பெருக்கம் 12, அதாவது மீதி 3. விடையின் இலக்கங்களைக் கூட்டினால் வரும் 138-ஐ ஒன்பதால் வகுத்தாலும் மிஞ்சுவது 3-தான். கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடைகளில் தொண்ணூற்றொன்பதில் ஒன்றுதான் இவ்விரு சோதனைகளையும் தாண்டும்.