ஓர் அச்சு, ஓராயிரம் பக்கம்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டில் முறுக்கு நாழி பரணிலிருந்து இறங்கிவிடும். அச்சு ஒன்றே, இடும் மாவுதான் வேறு. அரிசி மாவு வெள்ளை முறுக்காகும். கேழ்வரகு மாவு கறுத்த முறுக்காகும். இணையப் பக்கங்களும் இப்படித்தான் பிழியப்படுகின்றன என்றால் வியப்பாக இல்லையா?

ஒரு பள்ளி தேர்வு முடிவை இணையத்தில் வெளியிடுகிறது என்று கொள்வோம். மாணவியர் ஆயிரம் பேர். ஆயிரம் பக்கங்களை எழுத யாரால் முடியும்? பெயருக்கும் மதிப்பெண்ணுக்கும் இடம் விட்டு ஒரு மாதிரிப் பக்கம் எழுதினால் போதும். அதுவே 'டெம்ப்ளேட்' என்னும் அச்சு. விவரங்கள் மாவு. இரண்டையும் சேர்த்துப் பக்கமாக்கும் 'டெம்ப்ளேட் எஞ்சின்'தான் நாழி.

இந்த நாழியைப் பொருத்துவது எப்படி? 2010-இல் வெளிவந்த 'எக்ஸ்பிரஸ்' என்னும் மென்பொருள் சட்டகத்தை எடுத்துக்கொள்வோம். இது சர்வர் கணினியில் 'நோட் ஜே.எஸ்.' மீது இயங்குவது.

முதலில், 'என்.பி.எம்.' வழியாக 'இ.ஜே.எஸ்.' என்னும் எஞ்சினை நிறுவ வேண்டும். அடுத்து இரண்டு அமைப்புகள்: அச்சுகள் உள்ள கோப்புறை எது என்பதை 'வியூஸ்' என்ற அமைப்பிலும், எஞ்சின் எது என்பதை 'வியூ எஞ்சின்' என்ற அமைப்பிலும் குறிக்க வேண்டும். கோப்புறையின் முழு முகவரியையும் தருவது நல்லது; இல்லையேல் நிரலை வேறிடத்திலிருந்து இயக்கும்போது அச்சு கிடைக்கவில்லை என்று பிழை காட்டும். இறுதியாக 'ரெண்டர்' என்னும் கட்டளைக்கு அச்சின் பெயரையும் விவரங்களையும் கொடுத்தால் பக்கம் ஆயத்தமாகிவிடும்.

ஆனால், மாவைச் சலிக்காமல் நாழியில் இடலாமா? பெயர் கேட்கும் கட்டத்தில் தீயவர் ஒருவர் பெயருக்குப் பதிலாக ஒரு நிரலை எழுதிவிடக்கூடும். அது அப்படியே பக்கத்தில் சேர்ந்தால், அப்பக்கத்தைத் திறக்கும் பிறருடைய கணினியில் இயங்கி, அவர்கள் கணக்கையே களவாட இடமுண்டு. இ.ஜே.எஸ். அச்சில் <%= என்ற குறியை இட்டால் அந்நிரல் வெறும் எழுத்தாகவே தோன்றும்; தீங்கில்லை. <%- என்ற குறியோ வந்ததை அப்படியே விட்டுவிடும். வேறுபாடு ஒரு சிறு கோடுதான்! எனவே வெளியார் தரும் எதற்கும் முதற்குறியே தக்கது.

அச்சில் ஒரு பிழை நேர்ந்தால் ஆயிரம் பக்கமும் பிழை. அதைத் திருத்தினால் ஆயிரமும் திருந்தும். தோழியரே, சலிக்கிற கை சோம்பினால் கல்லைக் கடிப்பவர் உண்பவரே அல்லவா?