இலவச அரிசிக்குப் பக்கத்தில் என்ன வைப்பது?

தமிழ்நாட்டில் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அரிசி இன்று பெரிய செலவு அல்ல. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அது இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வயிறு நிறைந்துவிடும். சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

திருப்பூர்–பல்லடம் சாலையில் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் சூழ்ந்த அருள்புரத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே சம்பளம் பெரும்பாலும் வாரக் கணக்கு. சனிக்கிழமை கையில் காசு வரும், புதன்கிழமைக்குள் கரையும். பிறகு மளிகைக் கடைப் பற்று நோட்டுதான். சில்லறையாக வாங்கும் பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்குவதைவிட விலை கூடுதலாகவே விழும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புகிறவருக்குக் காசைவிட நேரம்தான் பெரிய பற்றாக்குறை. ‘சத்தாகச் சமையுங்கள்’ என்னும் அறிவுரைகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி முதலான தானியம் 250 கிராம், பருப்பு, பயறு வகை 85 கிராம், காய்கறி, கீரை 400 கிராம் வேண்டும். பருப்பின் ஒரு பகுதியை முட்டை, மீன், இறைச்சியால் ஈடுகட்டலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் இந்த அளவுக்கு மாதம் சுமார் 10 கிலோ பருப்பு, பயறு ஆகும். ரேஷனில் கிடைப்பதோ ஒரு கிலோ. இடைவெளியை அரிசியே நிரப்புகிறது. ஆகவே ரேஷன் அரிசியை ஒதுக்கிவிட்டுக் கடையில் பொன்னி வாங்கும் பணம்தான் முதலில் பயறுக்குத் திரும்ப வேண்டிய பணம். நேரடியாகச் சோறாக்கப் பிடிக்காவிட்டால் அந்த அரிசி இட்லி மாவுக்குப் போகட்டும்.

கொங்கு நாட்டுச் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. அரிசிம்பருப்பு சாதம் ஒரே குக்கரில், சில விசில்களில் முடிந்துவிடும். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது தாராளம். சேர்த்து உண்டால் இரண்டின் புரதமும் உடலுக்கு நன்றாகப் பயன்படும். பருப்பின் அளவை மட்டும் கூட்ட வேண்டும்: மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்காவது. கொள்ளில் 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதம். துவரைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. காலையில் ஊறவைத்துவிட்டுப் போனால் இரவில் சீக்கிரம் வேகும், காஸும் மிச்சம். மீல் மேக்கரில் புரதம் 100 கிராமுக்கு 50 கிராம் வரை உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் முட்டை விலை இறங்குவது வழக்கம். விரதம் இல்லாதவர்களுக்கு அது நல்ல மாதம்.

காய்கறிக்குப் பல்லடத்திலும் திருப்பூரிலும் உழவர் சந்தைகள் இருக்கின்றன. ஆனால் அவை காலைச் சந்தைகள். ஷிப்ட் ஆட்களுக்கு ஞாயிறுதான் தோது. வாரத்துக்கு வாங்கும்போது கீரையை முதல் இரண்டு நாளில் தீர்த்துவிட்டு, பூசணி, கேரட், முட்டைக்கோசைப் பின்னாளுக்கு வைக்கலாம். முருங்கைக்கீரை பல இடங்களில் காசில்லாமலே கிடைக்கும். விளம்பரத்தில் வரும் சத்துப் பான மாவுகளுக்குக் கொடுக்கும் பணத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் எவ்வளவோ வாங்கலாம். அந்தப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை கணிசமாகவே இருக்கும்.

பிள்ளைகளின் உணவில் ஒரு பகுதியைப் பள்ளியே ஏற்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. மதிய உணவில் வாரம் ஐந்து முட்டை. பெரியவர்களுக்குத் திருப்பூர் மாநகராட்சியின் அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும் ரேஷன் உண்டு. மதுரை, தேனி முகவரியில் ரேஷன் அட்டை வைத்திருப்பவர் 2020 அக்டோபர் முதல் இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். குடும்பம் ஊரில் இருந்தால் அட்டையின் பங்கு அங்கேயே செலவாகிவிடும், அது வேறு விஷயம். வட மாநிலத்தவருக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தானியம் மட்டுமே கிடைக்கும். தமிழக அரசின் மானியப் பருப்பும் எண்ணெயும் அதில் சேரா. மிகவும் தேவைப்படுகிற இடத்தில் விழுந்த ஓட்டை இது.

கடைசியாக டீ. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கம்பும் கீரையும் தரும் இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் டீ தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதை ஏற்க உதவுகின்றன. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயும் வடையுமே காலை உணவாகிவிட்டவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதை. படியேறினாலே மூச்சு வாங்கினால் உணவை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.